தீவகத்தில் புகை தேடி

"மாமா, இஞ்சை நல்ல புகை போட்ட கோழிச் செட்டை எந்தக் கடையிலை கிடைக்கும்?"

ரொறன்ரோ மாநகரிலிருந்து வந்திறங்கிய மறுநாட் காலை என் மருமகன் என்னிடம் கேட்ட முதல் வினா இது. கல்லூரி மாணாக்கரின் வினாக்களுக்கு விடையிறுத்தே இருபது ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஆயினும் இவ்வினா என்னைத் திகைக்க வைத்தது. கோழியிலே செட்டையைத் தனியே பிரித்து, அதற்கொரு சிறப்பும் கண்டு, கடை கடையாக ஏறியிறங்கும் வழக்கம் எங்கள் தலைமுறையில் இருந்ததில்லை. குழம்புச் சட்டியில் செட்டை அகப்பட்டால் அது வீட்டின் கடைக்குட்டிக்கு, அவ்வளவே.

அவன் என் தமக்கையின் ஒரே மகன். வயது இருபத்து நான்கு. கனடாவிற் பிறந்து வளர்ந்தவன். யாழ்ப்பாணத்து மண்ணை மிதிப்பது இதுவே முதன்முறை. ஆடி மாதத்து விடுமுறையில் இரண்டு கிழமை தங்க வந்திருந்தான். அவன் வந்த காரியம் வேறொன்றும் உண்டு. பெட்டியின் அடியிலே, துணிகளுக்குக் கீழ், ஒரு காணி உறுதியின் பிரதி இருந்தது. வேலணையில் எங்கள் தாயார் தமக்கைக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடும் வளவும் அதில் அடங்கியிருந்தன. அதை விற்பதா, வைத்திருப்பதா என்று நேரிற் பார்த்துச் சொல்லும் பொறுப்பைத் தாயும் தந்தையும் அவனிடமே விட்டிருந்தனர். அந்த வீட்டிலேதான் நான் பிறந்தேன். ஆயினும் உறுதி தமக்கையின் பெயரில். தீர்மானம் அவள் மகனுடையது. இடையிலே நான் வாய் திறப்பது முறையன்று.

ஆதலாற் கோழிச் செட்டையைப் பற்றிப் பேசுவது எங்கள் இருவருக்குமே வசதியாயிருந்தது.

அமெரிக்காவிலும் செட்டை ஒரு காலத்தில் மதிப்பற்ற பண்டமாகவே இருந்ததாம். 1964-ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்துப் பஃபலோ நகரில், 'அங்கர் பார்' என்னும் உணவகத்தை நடத்திய தெரேசா பெல்லிசீமோ அம்மையார் அதைப் பொரித்துக் காரச் சாற்றிற் புரட்டிப் பரிமாறினார். அன்றோடு அதன் தலையெழுத்து மாறிற்று என்பர். ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள நகரம் அது. பொரிப்பதோடு நில்லாமல், விறகுப் புகையிலே மெல்ல வேகவைக்கும் முறையும் செட்டைக்கு வந்து சேர்ந்தது. 'பார்பிக்யூ' என்னும் சொல்லோ கரீபியன் தீவுகளின் பழங்குடியினர் தந்தது. நெருப்புக்கு மேலே கம்புகளாற் கட்டிய பரணுக்கு அவர்கள் வழங்கிய பெயரை ஸ்பானியர் 'பார்பகோவா' என எழுதி வைத்தனர். அதுவும் தீவாரின் சமையலே என்று அறிந்தபோது எனக்குச் சிறிது ஆறுதலாயிருந்தது.

யாழ்ப்பாண நகரத்தில் இப்பொழுது கோழி வாட்டும் கடைகளுக்குக் குறைவில்லை. இரண்டு கடைகளில் ஏறினோம். முதற் கடையின் செட்டை மின்னடுப்பில் வெந்து, சிவப்புச் சாற்றிற் குளித்திருந்தது. இரண்டாவதில் புகைமணம் இருந்தது. மருமகன் ஒரு வாய் கடித்துவிட்டு, "இது போத்திலிலை வாற புகை, மாமா" என்றான்.

அவன் இரசாயனம் படித்தவன். காற்றுப் போதாமல் விறகு கனலும்போது அதிலுள்ள 'லிக்னின்' என்னும் பொருள் சிதைகிறது. அதிலிருந்து 'குவையகோல்', 'சிரிங்கோல்' முதலிய சேர்மங்கள் எழுகின்றன. புகையுணவின் வாசனை பெரிதும் இவற்றின் வாசனையே என்று விளக்கினான். தென்னந்தும்பில் லிக்னின் மிகுதியாக உண்டென்பதை நானும் எங்கோ படித்திருந்தேன். "அப்படியாயின் பொச்சுமட்டையும் பனை ஊமலும் எரிகிற இடத்துக்கே போவோம். தீவுப்பக்கம் ஏறு" என்று சொல்லி மோட்டார்ச் சைக்கிளை எடுத்தேன்.

தீவகத்தை அறியாத வாசகருக்கு ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே, ஆழங்குறைந்த கடலிலே சிதறிக் கிடக்கும் தீவுகள் இவை. ஒல்லாந்தர் இவற்றுக்குத் தம் நாட்டு ஊர்ப் பெயர்களையே சூட்டினர். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று; புங்குடுதீவு மிடில்பேர்க்; நயினாதீவு ஹார்லெம்; நெடுந்தீவு டெல்ஃப்ற். பிற்பெயர்கள் பெரும்பாலும் மறைந்தொழிய, நெடுந்தீவை மாத்திரம் உலகம் இன்றும் டெல்ஃப்ற் என அழைக்கிறது. பண்ணைக் கடலின் மேற் செல்லும் தாம்போதி வழியே மண்டைதீவுச் சந்தியைக் கடந்தால் அல்லைப்பிட்டி, அதற்கப்பால் வேலணை, மேற்கு முனையில் ஊர்காவற்றுறை.

சோளகக் காற்று வண்டியைப் பக்கவாட்டிலே தள்ள, இரு புறமும் கடல் பளபளக்கச் சென்றோம். வேலணையை அடைந்ததும் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும் சந்தி வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். "முதல்லை சாப்பாடு, மாமா. வீட்டைப் பிறகு பாப்பம்" என்றது பின்னிருக்கைக் குரல். நேரே சென்றோம்.

ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கயிட்ஸ் என்னும் பெயர், துறையைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லின் திரிபு. இத்துறையிலிருந்தே அக்காலத்தில் யானைகள் கப்பலேறின. துறைக்கு எதிரே நீரின் நடுவில் நிற்கிறது கடற்கோட்டை. போர்த்துக்கீசர் கட்டிய இதனை 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 'ஹம்மன்ஹீல்' எனப் பெயரிட்டனர். பன்றித்தொடையின் குதி என்பது அதன் பொருள். இலங்கையின் உருவம் பன்றித்தொடை போலவும், இந்த இடம் அதன் குதி போலவும் அவர்களுக்குத் தோன்றிற்றாம். தம் நாட்டிலே உப்பிட்டுப் புகையிற் தொங்கவிடும் தொடையை நினைந்து நினைந்து ஏங்கிய எவனோ ஒருவனே இப்பெயரை இட்டிருத்தல் வேண்டும். "பாத்தியோ, உன்னைப்போல ஒருத்தன் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னமே இஞ்சை புகை தேடி வந்திருக்கிறான்" என்றேன். மருமகன் வாய்விட்டுச் சிரித்தான். பிற்காலத்திற் சிறைச்சாலையாகவும் இருந்த அக்கோட்டை, போருக்குப் பின் கடற்படை நடத்தும் விடுதியாயிற்று.

துறைக்கு அண்மையில் ஒரு சிறு சாப்பாட்டுக் கடையில் அமர்ந்தோம். நண்டுக் குழம்பும் மீன்பொரியலும் வந்தன. நண்டைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனாற் புகை இல்லை. சுட்ட மீன் கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சுட்ட மீனுக்கு ஆர் ஐயா காசு தருவினம்? அது வீட்டுச் சாப்பாடு. கடைக்கு வாறவை குழம்பும் பொரியலும்தான் கேக்கினம்."

2022-ஆம் ஆண்டு நாடெங்கும் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, தாமும் பல மாதம் விறகில் சமைத்ததாக அவர் சொன்னார். கறி முன்னையிலும் ருசி என்று வந்தவர்கள் புகழ்ந்தார்களாம். பின் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "புகழ்ந்தவைக்குக் கண் எரியேல்லை, ஐயா. என்ரை மனிசிக்கெல்லோ எரிஞ்சது" என்றார். அடுக்களைப் புகை எங்கள் தாய்மாரின் கண்ணையும் நெஞ்சையும் என்ன பாடுபடுத்திற்று என்பது எனக்கும் தெரியும். புகையின் புகழைப் பாடுவோர் இதையும் ஒரு வரி சேர்த்துப் பாடவேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்று வீட்டிலே மச்சம் இல்லை. "அப்ப நயினாதீவுக்குப் போவம்" என்றேன். புங்குடுதீவின் முனையிலுள்ள குறிகட்டுவான் துறை யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர். வழிநெடுகப் பூட்டிய வீடுகளும் கூரையிழந்த வீடுகளும் புதிதாக நிறம் தீட்டிய வீடுகளும் மாறி மாறித் தோன்றின. 1990-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் போர் தீவகத்துக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலான குடிகள் இடம்பெயர்ந்தனர். அவர்களிற் பலரின் பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கின்றனர். ஊர் திருவிழாவுக்கு நிறைகிறது. கொடி இறங்கியதும் வெறிதாகிறது.

துறையிலிருந்து நயினாதீவுக்கு இருபது நிமிடக் கடற்பயணம். நாகபூஷணி அம்மனின் கோபுரம் படகிலிருந்தே தெரியும். சற்றுத் தள்ளி நாகவிகாரையின் தூபி. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இத்தீவே என்று கருதுவோர் உண்டு. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியை மணிமேகலை பெற்ற இடம் மணிபல்லவம். அதற்கேற்பக் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். வரிசையில் அமர்ந்து உண்டோம். சாப்பாட்டுக் கடைகளுக்கு மதிப்பெண் இட்டுப் பழகிய மருமகன், இலையை மடித்தபின் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "இதுக்கு எத்தினை நட்சத்திரம்?" என்று சீண்டினேன். "காசு வாங்காத இடத்துக்கு நட்சத்திரம் போடேலாது, மாமா" என்றான்.

புகை அங்கே எதிர்பாராத விதமாக எங்களை வந்தடைந்தது. படகுக்குத் திரும்பும் வழியில், ஒரு வேலியோரத்தில் மூன்று சிறுவர்கள் சருகு குவித்து எரித்துக்கொண்டிருந்தனர். தீயின் நடுவிலே கரிய உருண்டைகள் இரண்டு. பனம்பழம்! ஆடி ஆவணி அதன் காலமன்றோ? பச்சையாகத் தின்றாற் காறும் பழம், நெருப்பிலே சுட்டுக் கருகியபின் தோலை உரித்தால் தேன்போல் ஊறும். பெரியவன் ஒரு பழத்தைப் பிளந்து, பாதியை எங்களிடம் நீட்டினான். மஞ்சட் களியும் தும்புமாக அதை எப்படிக் கையாளுவது என்று மருமகனுக்கு விளங்கவில்லை. சிறுவர்களே சூப்பிக் காட்டினர். சிறிது நேரத்தில் அவன் தாடி முழுவதும் மஞ்சள். பற்களுக்கிடையே தும்பு. "இது புகை, மாமா! இதுதான் புகை!" என்று அவன் கூவியபோது, அந்தச் சிறுவர்கள் இவனுக்கு என்ன நேர்ந்தது என்று என்னைப் பார்த்தனர்.

மூன்றாம் நாள் நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரம். சோளகத்திலே கடல் சற்றுக் கடுமையானது. இந்தக் கடலிலேதான் 1985 மே 15 அன்று 'குமுதினி' என்னும் பயணிகள் படகு இடைமறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதைப் படகிலே சொல்லவா, வேண்டாமா என்று தயங்கினேன். சொன்னேன். தன் ஊரின் கடலை அறியவேண்டியவன் அவன். அவன் கம்பியைப் பிடித்தபடி கரை தெரியும்வரை நீரையே பார்த்திருந்தான்.

மாவிலித்துறையில் இறங்கி ஓர் ஓட்டோவை அமர்த்தினோம். ஏறக்குறைய 50 சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. சாந்து பூசாமல் முருகைக்கற்களை அடுக்கி எழுப்பிய மதில்கள், வெட்டவெளியில் மேயும் மட்டக்குதிரைகள், உள்ளே ஆள் நுழையத்தக்க பொந்துடைய பெருக்கமரம், இடிந்த ஒல்லாந்தர் கோட்டை ஆகிய யாவற்றையும் கண்டோம். ஆனால் நான் எழுத வந்தது கரையோரத்துக் கொட்டில் ஒன்றைப் பற்றியே.

அறுபதைக் கடந்த ஒரு மீனவர் அங்கே வலை பொத்திக்கொண்டிருந்தார். ஓட்டோக்காரருக்கு உறவினர். எங்கள் தேவையைக் கேட்டுச் சிரித்தார். பின்பு எழுந்து பொச்சுமட்டைகளை மூட்டினார். அடுத்து அவர் செய்ததை அடுப்பங்கரைப் பாடமாகவே சொல்கிறேன். சுவாலை எரிந்து அடங்கும்வரை அவர் மீனைத் தொடவில்லை. குடல் நீக்கிய ஓரா மீன்களைக் கடல்நீரில் அலசி, தோலோடும் தலையோடும் கம்பித்தட்டில் வைத்தார். தணலின் ஓரத்தில் ஈரமான பொச்சுத் துண்டுகள் இரண்டை இட்டார், வெண்புகை எழுந்தது. தோல் கருகிற்று. ஓராவுக்கு அதன் தோலே சட்டி. உள்ளே சதை தன் நீரிலேயே வேகும். பத்து நிமிடத்தில் தோலை ஒரே இழுப்பில் உரித்து, பச்சைமிளகாயும் வெங்காயமும் நசித்துத் தேசிக்காய்ப் புளி விட்ட சம்பலோடு வைத்தார். கூடவே வீட்டிலிருந்து வந்த குரக்கன் பிட்டு.

வாசகர்களே, பல ஊர்களில் உண்டிருக்கிறேன். அந்த ஓராவுக்கு நிகராகப் புகையிலே வெந்த உணவை நான் கண்டதில்லை. தீர்ப்பு வேண்டுவோர் இவ்விடத்திலேயே குறித்துக்கொள்ளலாம்.

விலை கேட்டேன், அவர் கையசைத்து மறுத்துவிட்டார். பின்னர் வலையைக் காட்டிப் பேசினார். இழுவைப்படகுகள் இரவிலே வந்து போனால் காலையில் வலை இராது. அடித்தளம் வழித்தெடுக்கப்பட்டால் மீனும் இராது. இழுவைமடியைத் தடைசெய்யும் சட்டத்தை இலங்கைப் பாராளுமன்றம் 2017-இல் நிறைவேற்றியது. ஆயினும் அக்கரைப் படகுகள் வருவதும், பிடிபடுவதும், அவற்றிற் கூலிக்கு வந்த ஏழைகள் சிறையிருப்பதும் நின்றபாடில்லை. இரு கரையிலும் பேசுவது ஒரே தமிழ். இரு கரையிலும் அடுப்பு எரியவேண்டும். அவருடைய மக்கள் மூவருள் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. "நான் விட்டால் இந்தக் கொட்டிலும் விட்டது" என்றார், வருத்தமின்றி, காற்று மாறிற்று என்று சொல்வது போல.

நான்காம் நாள், இனிச் சாட்டுச் சொல்ல வழியின்றி, வேலணை.

ஒழுங்கை என் நினைவிலிருந்ததைவிட ஒடுங்கியிருந்தது. வீட்டுக்குக் கூரை இல்லை. சுவர்கள் நின்றன. முற்றத்திலே வேம்பு, நடுவறையிலே ஒரு வடலி. கிணற்றில் மட்டும் தண்ணீர் தெளிவாயிருந்தது. நான் பத்து வயதில் விட்டுப் போன இடம். மருமகன் கைத்தொலைபேசியிற் படமெடுத்தான். எல்லைக் கதியாலை நடந்து பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுக்களைக்குள் நின்று அவன் கேட்டான்: "அம்மா சொல்லுவா, ஊரிலை கட்டாக் கருவாடு சுட்டுத் தின்னுறதைப் போல ஒண்டும் கனடாவிலை இல்லையெண்டு. எங்கை வைச்சுச் சுடுறவை?"

மூலையைக் காட்டினேன். மண்ணை விலக்கினான். அடுப்புக் கற்கள் மூன்றும் இருந்தன.

வண்டியைத் திருப்பிச் சந்திக் கடைக்குச் சென்று கட்டாக் கருவாடும் பாணும் வாங்கி வந்தான். நான் வளவில் ஊமல் பொறுக்கினேன். பனங்கிழங்கு பிடுங்கியபின் எஞ்சும் கொட்டையின் ஓடே ஊமல். கரிபோல நின்று எரியும். அப்படி எரிந்தது. கருவாட்டை ஈர்க்கிலே கோத்துத் தணலுக்கு மேலே பிடித்தோம். எண்ணெய் கசிந்து சொட்டச் சொட்டப் புகை எழுந்து, கூரையில்லாத அடுக்களை வழியே வானத்துக்குப் போயிற்று.

பத்து நிமிடம் இருக்கும். படலையடியில் இருமல் ஒலி கேட்டது. ஒரு மூதாட்டி, கையிலே தடியோடு நின்றார்.

"ஆர் பிள்ளையள் உள்ளுக்கை? இந்த வீட்டிலை புகை கண்டு முப்பது வருஷத்துக்கு மேலை. நெருப்புப் பிடிச்சுப் போச்சோ எண்டு ஓடி வாறன்."

என்னை அடையாளம் காண அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. மருமகனை, "அக்காவின்ரை மகன்" என்றதும், அவன் முகத்தை இரு கையாலும் பிடித்துப் பார்த்தார். பின்பு கருவாட்டைப் பார்த்தார். "உதைக் கழுவாமலே சுட்டனீங்கள்? உப்பு வாயிலை வைக்கேலாது!" என்று கடிந்து, தம் வீட்டுக்குப் போய்ப் பிட்டும் தேங்காய்ப்பூச் சம்பலும் கொண்டுவந்தார். அவர் சொன்னது மெய்யே, உப்புக் கரித்தது. பிட்டோடு சேர்ந்தபின் இறங்கிற்று. நெடுந்தீவு ஓராவுக்கு முன்னே அக்கருவாடு கால்தூசு பெறாது என்பதை ஆசிரியத் தொழிலின் நேர்மையோடு இங்கே பதிவு செய்கிறேன்.

மருமகன் மட்டும் அதை விரல் நக்கி உண்டான். உண்டபின், தமக்கையைத் தொலைபேசியில் அழைத்தான். ரொறன்ரோவில் அப்பொழுது நள்ளிரவு கடந்திருந்தது. காணியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தொலைபேசியின் கண்ணை அடுப்புப் பக்கம் திருப்பி, தணலைக் காட்டிக்கொண்டு நின்றான். மறுமுனையிலும் பேச்சு எழவில்லை. மூதாட்டிதான் எட்டி நின்று, "பிள்ளை, சுகமே?" என்றார்.

ஒரு கிழமை கழித்து அவனை விமான நிலையத்தில் வழியனுப்பினேன். வளவை என்ன செய்யப்போகிறான் என்று அன்றும் நான் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டும்போது ஒன்றை மாத்திரம் கண்டேன். துணிகளுக்குக் கீழ் இருந்த உறுதி மேலே வந்திருந்தது. அதன் பக்கத்தில், பத்திரிகைத் தாளில் இறுகச் சுற்றிய இரண்டு ஊமல்கள்.